களம்பூர்த் தறியும் வானூர்திப் பயணமும்

விழுப்புரத்திலிருந்து காட்பாடி செல்லும் இருப்புப் பாதையில், போளூரைக் கடந்ததும் வண்டி நிற்கும் ஒரு நிலையத்தின் பெயர்ப் பலகையில் 'ஆரணி சாலை' என்று எழுதியிருக்கிறது. ஆரணி நகரமே வந்துவிட்டது என்ற நினைப்பில் மூட்டை முடிச்சுகளுடன் இறங்கும் வெளியூரார், வாயிலைத் தாண்டியதும் தாம் நிற்பது களம்பூர் என்று அறிந்து சற்றுத் திகைப்பதுண்டு. ஆரணி இன்னும் சில கல் தொலைவில் இருக்கிறது. பேருந்தோ ஆட்டோவோ பிடித்தாக வேண்டும். நிலையம் நிற்பது ஓர் ஊரில், அது தாங்கியிருப்பதோ மற்றோர் ஊரின் பெயர். களம்பூர் மக்கள் இதனைப் பெரிய குறையாகக் கருதுவதாகத் தெரியவில்லை. பெயர் ஆரணிக்குப் போனாலும் நிலையம் தங்களிடம் இருக்கிறதே என்ற நிறைவு அவர்களுக்கு.

ஊருக்குள் நுழைந்ததும் முதலில் நம்மை எதிர்கொள்வது அவித்த நெல்லின் வாசனை. சென்னை மளிகைக் கடைகளில் 'களம்பூர் அரிசி' என்று மூட்டையின்மேல் அச்சிட்டு விற்பதை வாசகர்கள் கண்டிருப்பீர்கள். அரிசி ஆலைகளின் புகைபோக்கிகளும், சிமெண்டுத் தளங்களில் காலால் கிளறிவிடப்படும் நெல்லும் இவ்வூரின் ஒரு முகம். ஊர்ப் பெயருக்கும் நெற்களத்துக்கும் உறவு உண்டோ என்ற ஆராய்ச்சியில் நாம் இறங்கவில்லை. அந்த ஆசை எழுந்தது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறோம்.

மற்றொரு முகம் தெருக்களின் உட்புறத்தில் இருக்கிறது. வீட்டின் முன்கட்டில் தரையைத் தோண்டி அமைத்த குழித்தறி; அதன்மேல் ஜக்கார்டு பெட்டி; அதிலிருந்து தொங்கும் அட்டைகளின் சங்கிலி. நெய்பவர் குழிக்குள் காலை விட்டு அமர்ந்து மிதிக்க, நாடா இப்பாலிருந்து அப்பால் ஓட, இழை இழையாகப் பட்டு எழும்புகிறது. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு ஆரணி நகருக்குள் மட்டும் பிறப்பதன்று. சுற்றுப்புற ஊர்களின் இத்தகைய முன்கட்டுகள் எத்தனையோ சேர்ந்துதான் அப்பெயரைத் தாங்குகின்றன. பட்டு நூல் கருநாடகத்துப் பக்கமிருந்தும், ஜரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. வேலைப்பாட்டிற்கேற்ப ஒரு புடவைக்கு ஒரு வாரமோ பத்து நாள்களோ ஆகும். பாவும் ஜரிகையும் பெரும்பாலும் முதலாளியுடையவை. நெசவாளருக்கு உரியது கூலி. மழைக் காலத்தில் தறிக்குழியில் நீர் ஊறினால் வேலை நின்றுவிடும். நூல் வரத் தாமதமானாலும் வேலை நின்றுவிடும். அப்படி நின்ற நாள்களுக்கு யாரும் எதுவும் தருவதில்லை.

பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் தொழிலாளர் நிலையைக் குறித்து எழுதிய சுற்றுமடலை மனத்தில் கொண்டே இப்போதைய திருத்தந்தை 2025-இல் பதினான்காம் சிங்கராயர் என்ற பெயரைத் தெரிந்துகொண்டார் என்பது நம் குடும்பங்கள் அறிந்ததே. நியாயமான கூலி என்ற சொல்லை ஏட்டில் படிப்பது ஒன்று. தறிக்குழியின் விளிம்பில் உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசுவது மற்றொன்று.

நாம் சென்றிருந்த இல்லத்தில் மூத்தவர் ஒருவர் தறியில் இருந்தார். அண்டையூர்ப் பங்கைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பம். சுவரில் சேத்துப்பட்டு லூர்து அன்னையின் படம். அதன் கீழே தகரப் பெட்டி. மருமகன் குவைத்தில் ஒரு கிடங்கில் பணியாற்றுகிறார். மகளும் பேரப் பிள்ளையும் இங்கே. பேச்சு தறியில் தொடங்கிப் பேரன் படிப்பில் புகுந்து, கடைசியில் விமானத்தில் வந்து நின்றது.

நடந்தது இதுதான். சென்ற ஆண்டு மருமகன் விடுமுறை முடிந்து குவைத் திரும்ப வேண்டிய நாளில், குடும்பத்தார் வாடகைக் கார் ஒன்றை அமர்த்திக்கொண்டு நள்ளிரவில் சென்னைக்குப் புறப்பட்டிருக்கிறார்கள். விமான நிலையம் சென்ற பின்னரே விமானம் இரத்தாகிவிட்டது என்று அறிந்தனர். முதல் நாளே செய்தி அனுப்பிவிட்டதாக நிறுவனத்தார் கூறினர். அனுப்பியிருந்தார்கள்தாம், ஆனால் சீட்டு வாங்கிக் கொடுத்த முகவரின் கைபேசிக்கு அது சென்றிருந்தது. அவர் அந்நேரம் உறங்கிக்கொண்டிருந்தார். காரணம் கேட்டபோது 'செயல்பாட்டுக் காரணங்கள்' என்று ஒரே சொற்றொடர் பதிலாக வந்தது. அடுத்த விமானம் இரண்டு நாள் கழித்து. உணவு இல்லை, தங்க இடம் இல்லை. பேருந்தேறிக் களம்பூர் திரும்பி, மறுபடியும் சென்னை சென்று, குவைத் போய்ச் சேர்ந்தபோது அங்கே மூன்று நாள் ஊதியம் பிடித்தம் செய்யப்பட்டிருந்தது. எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. நம் நாட்டு நிறுவனங்களுள் ஒன்று என்பது போதும்.

"நாங்க நெய்யற புடவையில ஒரு இழை தவறினா கூலியில பிடிச்சுக்கிறாங்க. ஒரு விமானமே தவறிப் போச்சு. அதை யாருகிட்ட பிடிக்கறதுங்க, ஐயா?" என்று மூத்தவர் கேட்டார். நாடாவைக் கையில் பிடித்தபடியே கேட்டார். விடை இருக்கும் என்று எதிர்பார்த்துக் கேட்டவராகத் தோன்றவில்லை.

விடை இருக்கிறது. நம் பங்குகளில் வளைகுடா நாடுகளுக்கோ மலேசியாவுக்கோ சிங்கப்பூருக்கோ ஆள் அனுப்பாத தெரு அரிதாகிவிட்ட இக்காலத்தில், அவ்விடை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டியது என்று கருதியே இக்கட்டுரையை எழுதலானோம்.

இந்திய நாட்டில் இதற்கான விதிகளை வகுத்திருப்பது சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். 2010-ஆம் ஆண்டில் அவை வெளியாயின. இழப்பீட்டுத் தொகைகள் 2016 ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து உயர்த்தப்பட்டன. விமானத்தை இரத்துச் செய்வதாயின் இரண்டு வாரத்திற்கு முன்பே அறிவித்து, மாற்று விமானமோ பணமோ தருதல் வேண்டும். அதற்குப் பிந்தி, ஆனால் புறப்பாட்டிற்கு 24 மணி நேரம் முன்பு வரையில் அறிவித்தாலும் பயணி ஏற்கும் வகையில் மாற்று விமானமோ பணமோ தந்தால் போதும். அதுவும் செய்யாவிட்டால், பணத்தைத் திருப்பித் தருவதோடு இழப்பீடும் தருதல் கடமையாகிறது. ஒரு மணி நேரப் பறத்தலுக்கு உட்பட்ட பயணமானால் 5,000 ரூபாய்; இரண்டு மணி வரை 7,500; அதற்கு மேல் 10,000. இங்கே ஒரு கொக்கி உண்டு. இத்தொகையோ, ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையோ, எது குறைவோ அதுவே கிடைக்கும். மலிவான சீட்டு வாங்கியவருக்கு மலிவான இழப்பீடு என்ற இந்தக் கணக்கு நமக்கு நியாயமாகப் படவில்லை. காத்திருப்பின் வருத்தம் சீட்டின் விலையைப் பார்த்தா வருகிறது?

மற்றொரு கொக்கி இதைவிடக் கொடியது. சீட்டுப் பதிவு செய்யும்போது தம்மைத் தொடர்புகொள்ளத்தக்க விவரத்தைத் தராத பயணிக்கு இழப்பீடு இல்லை என்று விதி கூறுகிறது. களம்பூர் மருமகனின் கதை சிக்கலாவது இவ்விடத்திலேதான். ஆரணியிலும் போளூரிலும், ஏன், நம் மறைமாவட்டத்தின் எல்லாச் சிற்றூர்களிலும் முகவர்கள் சீட்டில் தம் கைபேசி எண்ணையே எழுதிவிடுகிறார்கள். தீய எண்ணத்தால் அன்று. மாற்றம் வந்தால் தாமே பார்த்துக்கொள்ளலாம் என்ற வசதிக்காகவே. பயணியும் கேட்பதில்லை. இந்த ஒரு வரியினால் பத்தாயிரம் ரூபாய் கைநழுவக் கூடும். ஆகவே அயல்நாடு செல்லும் பிள்ளைகளின் பெற்றோருக்கு நாம் கூறுவது: சீட்டு அச்சாகி வந்ததும், ஊரையும் தேதியையும் பார்ப்பதுபோல் அதில் உங்கள் எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையேல் முகவரை அங்கேயே திருத்தச் சொல்லுங்கள்.

ஆனாலும் அந்த மருமகனுக்கு வழியே இல்லை என்று சொல்வதற்கில்லை. முகவர் வழியே வாங்கிய சீட்டாயினும் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்தையே சாரும். மேலும் அவர் சென்றது பன்னாட்டுப் பயணம். 1999-ஆம் ஆண்டு கனடாவின் மாண்ட்ரியல் நகரில் உருவான உடன்படிக்கையில் இந்தியா 2009-இல் சேர்ந்தது. குவைத்தும் அதில் உறுப்பு நாடு. தாமதத்தினால் பயணிக்கு உண்மையாக நேர்ந்த இழப்பை நிறுவனம் ஈடு செய்தல் வேண்டும், அத்தாமதத்தைத் தவிர்க்கத் தக்க முயற்சி அனைத்தையும் செய்ததாக மெய்ப்பித்தாலன்றி, என்பது அதன் சாரம். இழந்த ஊதியமும், இரண்டாம் முறை சென்னை சென்ற செலவும் உண்மையான இழப்புகளே. 2024 டிசம்பர் 28 முதல் இவ்வகை இழப்புக்கு ஒரு பயணிக்குரிய உச்ச வரம்பு 6,303 சிறப்பு எடுப்புரிமை அலகுகள். பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு அது. நம் பணத்தில் ஏழு லட்சத்துக்கு மேல். எல்லாருக்கும் அத்தொகை கிடைக்கும் என்பதன்று. எவ்வளவு இழப்பு என்று காட்டுகிறோமோ அவ்வளவே. காட்டுவதற்குத் தாள் வேண்டும். நல்ல வேளையாக அந்த இல்லத்தின் தகரப் பெட்டியில், ஞானஸ்நானச் சான்றிதழுக்கு அடியில், பழைய சீட்டும் கார் வாடகை இரசீதும் பத்திரமாக இருந்தன. ஊதியப் பிடித்தத்திற்குக் குவைத்திலிருந்து ஒரு தாள் வரவேண்டியிருந்தது.

இவ்வுடன்படிக்கையின் கீழ் வழக்கிட இரண்டாண்டு கெடு. பெட்டி சேதமாயிருந்தால் பெற்ற ஏழு நாளுக்குள்ளும், பெட்டி தாமதமாக வந்தால் வந்து சேர்ந்த இருபத்தொரு நாளுக்குள்ளும் எழுத்தில் முறையிட்டாக வேண்டும். ஊர் வந்த களைப்பில், உறவினர் கூட்டத்தில், இந்த ஏழு நாள் எவ்வளவு விரைவில் ஓடிவிடும் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இரத்தாகாமல் தாமதம் மட்டும் ஆனால் என்ன? இங்கே நம் நாட்டு விதி சற்றுக் கஞ்சத்தனமானது. பறக்கும் நேரத்தைப் பொறுத்து இரண்டு, மூன்று அல்லது நான்கு மணி நேரத் தாமதத்திற்கு மேல் உணவும் சிற்றுண்டியும் தருதல் வேண்டும். ஆறு மணி நேரத்தைத் தாண்டுமானால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். இருபத்து நான்கு மணி நேரத்தைத் தாண்டினாலோ, இரவு எட்டு மணிக்கும் விடியற்காலை மூன்று மணிக்கும் இடையே புறப்பட வேண்டிய விமானம் ஆறு மணிக்கு மேல் தாமதித்தாலோ, தங்குமிடம் தருதல் வேண்டும். வளைகுடா விமானங்கள் பல இரவிலேயே புறப்படுவதால் கடைசி விதியை நினைவில் வைப்பது நலம். ரொக்கமாக மட்டும் எதுவும் இல்லை. சீட்டு உறுதியாக இருந்தும் இடம் நிரம்பிவிட்டதென ஏற்ற மறுத்தாலோ நிலைமை வேறு. ஒரு மணி நேரத்திற்குள் புறப்படும் மாற்று விமானம் தராவிட்டால், கட்டணத்தின் இரு மடங்காக 10,000 ரூபாய் வரையிலும், மாற்று விமானம் 24 மணி நேரத்தையும் தாண்டினால் நான்கு மடங்காக 20,000 ரூபாய் வரையிலும் தருதல் வேண்டும்.

இவ்விதிகள் அனைத்திற்கும் ஒரு புறக்கடை வாயில் உண்டு. நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்கு மீறிய அசாதாரணச் சூழ்நிலையாயின் இழப்பீடு இல்லை. வெள்ளம், கலகம், போர், அரசு ஆணை, வேலைநிறுத்தம், கடும் வானிலை முதலியவை அதில் அடங்கும். இது நியாயமே. 2015 டிசம்பரில் சென்னை விமான நிலையம் நீரில் மூழ்கிச் சில நாள்கள் மூடிக் கிடந்ததே. அப்போது நமக்கு அண்மையிலுள்ள அரக்கோணம் கடற்படை விமானத் தளத்திலிருந்து பயணிகள் விமானங்கள் பறந்ததை வடஆர்க்காட்டுப் பகுதி மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலின்போதும் ஓடுபாதை நீரில் மறைந்தது. இவற்றுக்கு யாரைக் குறை கூறுவது? ஆனால் இழப்பீடு இல்லை என்பதனால் சீட்டுப் பணமும் இல்லை என்று பொருளன்று. இரண்டையும் குழப்பிவிடுவதில் சில முகப்பு அலுவலர்கள் வல்லவர்கள்.

'செயல்பாட்டுக் காரணங்கள்' என்பது அப்பட்டியலில் இல்லாத சொல். அது எதையும் சொல்லாமல் எல்லாவற்றையும் மூடுகிற போர்வை. 2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ நிறுவனத்தின் ஆயிரக்கணக்கான விமானங்கள் இரத்தாகி நாடெங்கும் விமான நிலையங்களில் மக்கள் தரையில் படுத்துக் கிடந்தனர். விமானிகளின் ஓய்வு நேரத்தைப் பற்றிய புதிய விதிகளுக்கு ஏற்பத் திட்டமிடாமையே அதற்குப் பெருங் காரணம். முன்கூட்டியே அறிந்த விதிக்கு ஆள் வைத்துக்கொள்ளாமை புயலும் அன்று, வெள்ளமும் அன்று. விதிப்படி தரவேண்டிய தொகையோடு, மிகவும் அல்லலுற்றோருக்கு 10,000 ரூபாய் மதிப்புள்ள பயண வவுச்சர்களையும் அந்நிறுவனம் பின்னர் அறிவித்தது. வவுச்சர் என்பது மீண்டும் அவர்களிடமே வரவேண்டும் என்ற அழைப்பு. விதி தரும் ரொக்கத்துக்கு மாற்றாக அதை ஏற்கும்படி எவரேனும் நீட்டினால், ஒரு முறைக்கு இருமுறை யோசித்து வாங்குவது நன்று.

பனி மூட்டத்தைப் பற்றி உச்ச நீதிமன்றமே 2011-இல் ஒரு வழக்கில் தீர்ப்புக் கூறியிருக்கிறது. 2007 டிசம்பரில் தில்லியிலிருந்து ஐதராபாத் செல்லவிருந்த பயணி ஒருவர் மூடுபனியால் பல மணி நேரம் விமானத்துள்ளேயே அமர்ந்திருக்க நேர்ந்தது. பனிக்கு நிறுவனம் பொறுப்பன்று எனப் பணம் மறுக்கப்பட்டது. ஆயினும், காத்திருக்கும் பயணிகளுக்குக் குறைந்தபட்ச வசதி செய்வது நிறுவனத்தின் கடமை என்றும் நீதிமன்றம் கூறியது. வழக்கென்றால் தில்லி நீதிமன்றங்களிலேதான் என்று சீட்டில் அச்சிடப்பட்டிருந்த நிபந்தனையும், ஐதராபாத் மக்கள் மன்றத்தில் அவர் முறையிட்டதற்குத் தடையாகவில்லை.

களம்பூரார் விமானத்தை அடைவதற்கு முன் ரயிலையோ பேருந்தையோ அடைந்தாக வேண்டும். காட்பாடி சென்று அங்கிருந்து சென்னைக்கு வண்டி மாறுவோர் உண்டு. ரயில் தாமதித்து விமானத்தைத் தவறவிட்டால்? 2016 ஜூனில் ஒரு குடும்பம் அஜ்மீர் - ஜம்மு விரைவு வண்டியில் சென்றது. வண்டி ஏறத்தாழ நான்கு மணி நேரம் தாமதித்தது; ஜம்முவிலிருந்து ஸ்ரீநகர் செல்லும் விமானம் கைவிட்டுப் போயிற்று; பெருஞ்செலவில் வாடகைக் காரில் சென்றனர். ரயில்வே இதனைக் கடைசி வரை எதிர்த்து வாதாடியது. 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், தாமதத்திற்கு ரயில்வே தக்க காரணம் காட்டி மெய்ப்பிக்காதவரை அதுவே பொறுப்பு என்று உறுதிப்படுத்தி, கார்ச் செலவு உள்ளிட்ட இழப்பீட்டை நிலைநிறுத்தியது. ஆரணி சாலை நிலையத்தில் காத்திருப்போருக்கும் இத்தீர்ப்பு பொருந்தும். வண்டி ஏறும் இடத்தில் மூன்று மணிக்கு மேல் தாமதமாகி, பயணத்தையே கைவிடுவோர் முழுக் கட்டணத்தையும் திரும்பப் பெறலாம். அதற்கான மனுவை வண்டி புறப்படுமுன் பதிவு செய்ய வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடலாகாது.

இனிக் கடல் கடந்த செய்தி. 2025 யூபிலி ஆண்டில் நம் மறைமாவட்டங்களிலிருந்து உரோமை நகருக்குத் திருப்பயணம் சென்றோர் பலர். அவர்களுள் எத்தனை பேர் ஐரோப்பிய ஒன்றியத்தின் 261-ஆம் எண் ஒழுங்கு விதியை அறிந்திருப்பர்? 2004-இல் இயற்றப்பட்டு 2005 பிப்ரவரி முதல் நடப்பிலுள்ளது அது. ஒன்றியத்தின் விமான நிலையத்திலிருந்து புறப்படும் எந்த நாட்டு விமானத்திற்கும் அது பொருந்தும். 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்திற்கு 600 யூரோ, அதாவது ஏறத்தாழ அறுபதாயிரம் ரூபாய், இழப்பீடாகக் குறித்திருக்கிறது. இரத்துக்கு மட்டும் சொல்லியிருந்ததை, சென்றடையும் இடத்தில் மூன்று மணி அல்லது அதற்கு மேற்பட்ட தாமதத்திற்கும் உரித்தாக்கியது ஐரோப்பிய நீதிமன்றத்தின் 2009 நவம்பர் தீர்ப்பு. நெடுந்தொலைவுப் பயணத்தில் நான்கு மணிக்குக் குறைந்த தாமதமாயின் பாதியாகக் குறைக்க இடமுண்டு. உரோமையிலிருந்து வளைகுடா விமானத்தில் தோகா வழியாகச் சென்னை திரும்பும் ஒரு மூதாட்டிக்கும் இந்த உரிமை உண்டு, ஒரே சீட்டாக வாங்கியிருந்தால். ஆனால் சென்னையிலிருந்து அதே நிறுவனத்தில் உரோமை செல்லும்போது இல்லை. அது ஐரோப்பிய நிறுவனமாயின் மட்டும் உண்டு. ஒரே தொலைவு, ஒரே இருக்கை. திசை மாறினால் உரிமையும் மாறுகிறது! இவ்விதியைத் திருத்தும் பேச்சு 2025-இல் மீண்டும் சூடு பிடித்தது. ஆகவே புறப்படுமுன் விசாரித்துக்கொள்க.

பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகியபின் அதே விதியைத் தன் பவுன் கணக்கில் வைத்துக்கொண்டிருக்கிறது. ஈழத் தமிழ் உறவினர் மிகுந்த கனடாவில் 2019 முதல் பெரிய நிறுவனங்கள் தாமதத்திற்கேற்ப 400, 700, 1,000 கனடா டாலர் தருதல் வேண்டும். ஓராண்டிற்குள் கேட்க வேண்டும். அமெரிக்காவிலோ தாமதத்திற்கென்று ரொக்கம் தரும் சட்டம் இல்லை. செல்வ நாடென்றால் சட்டமும் செல்வமாயிருக்கும் என்று எண்ணுவதற்கில்லை.

புனித பூமிக்குச் செல்வோர் நிலை தனியானது. தமிழக அரசு 2011-இல் அறிவித்த மானியத்தின் உதவியால் எளிய குடும்பத்தாரும் எருசலேமைக் காணும் வாய்ப்புப் பெற்றனர். ஆனால் 2023 அக்டோபர் 7-க்குப் பிறகும், 2025 ஜூனில் இஸ்ரயேல் - ஈரான் மோதலின்போதும் விமானங்கள் நின்றன. 2025 ஜூன் 23 அன்று கத்தார் தன் வான்வெளியையே சில மணி நேரம் மூடிற்று. போருக்கு இழப்பீடு இல்லை. ஆனால் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் 2010-இல் ஐரோப்பிய வான்வெளி மூடப்பட்டபோது சிக்கிய ஒரு பயணியின் வழக்கில், எரிமலையே ஆனாலும் உணவும் தங்குமிடமும் தரவேண்டிய கடமை நீங்காது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. குழுவாகத் திருப்பயணம் ஏற்பாடு செய்யும் தந்தையரும் அமைப்பாளரும் இதைக் குறித்துக்கொள்வார்களாக.

மூத்தவரின் தறியில் இருந்த புடவை மாம்பழ நிறம், அரக்குக் கரை. யாருக்கு என்று கேட்டோம். எங்கே போகிறதென்று நெய்பவருக்குத் தெரிவதில்லை என்றார். சிங்கப்பூருக்கும் போகலாம் என்று மகள் சொன்னாள். சரக்கின் தாமதத்தைப் பற்றியும் ஒரு தீர்ப்பு இருப்பது அப்போது நினைவுக்கு வந்தது. இராஜஸ்தானக் கைவினைப் பொருள் வணிகர் ஒருவர் 1996-இல் குவைத் ஏர்வேஸ் வழியாக அமெரிக்காவின் மெம்பிஸ் நகருக்குச் சரக்கு அனுப்பினார். ஒரு வாரத்தில் சேரும் என்ற உறுதி. சேர்ந்ததோ ஒரு மாதத்திற்கும் மேல் கழித்து. நாள் தவறிய சரக்கை வாங்குவோர் யார்? வழக்கு 2023 நவம்பரில்தான் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. நிறுவனம் வட்டியுடன் இருபது இலட்சம் ரூபாய் தரவேண்டும் என்ற ஆணை உறுதியாயிற்று. முகவர் கொடுத்த கால உறுதி நிறுவனத்தையும் கட்டும் என்பது அதன் பயன். முகூர்த்த நாளுக்கென்று பட்டு அனுப்பும் ஆரணி வணிகர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. இருபத்தேழு ஆண்டுகள் என்பதையும் நாம் மறைக்கவில்லை.

அவ்வளவு காலம் ஆகாமல் இருக்க வழி என்ன? முதலில் நிறுவனத்திற்கே எழுத வேண்டும். சீட்டு எண், நாள், நேர்ந்தது, செலவு, கேட்கும் தொகை; இவ்வளவு போதும். வசை வேண்டாம். விரைவு அஞ்சலில் அனுப்பி இரசீதை வைத்துக்கொள்க. மின்னஞ்சலாயினும் படி எடுத்து வைக்கவும். பதில் இல்லையேல் நடுவண் அரசின் ஏர்சேவா தளத்தில் முறையிடலாம். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் தமிழிலும் கேட்கும். அதற்கும் அசையாவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2020 ஜூலையில் நடப்புக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முறையிடுபவர் தாம் வாழும் இடத்திலேயே வழக்கிடலாம் என்று கூறுகிறது. நிறுவனத்தின் தலைமையகம் எந்த மாநகரில் இருந்தாலும் களம்பூர்க் குடும்பத்திற்குத் திருவண்ணாமலை மாவட்ட ஆணையமே போதும். ஐந்து இலட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த சேவைக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. காணொலி வழியே விசாரிக்க வேண்டும் என்றும் மனுச் செய்யலாம்; குவைத்தில் இருப்பவருக்கு இது பெரிய வசதி. இங்கும் கெடு இரண்டாண்டே.

மருமகனுக்கு எஞ்சியிருப்பது ஏழு மாதம். கடிதத்தை அவர் பெயரில் எழுதி, கைபேசி வழி அனுப்பி, கையொப்பம் பெற்றுவர வேண்டும். பத்தாம் வகுப்புப் படிக்கும் பேரன் எழுதுவதாக ஒப்புக்கொண்டான். சீட்டிலிருந்த முகவர் எண்ணை முதலில் சொல்லிவிடுவதா, அவர்களாகவே கேட்கட்டும் என்று விடுவதா என்பதில் வீட்டில் கருத்து வேற்றுமை இருந்தது. உள்ளதை முதல் பத்தியிலேயே எழுதிவிடும்படி சொல்லிவிட்டு வந்தோம்; மறைத்தால் பின்னர் அதுவே வழக்கைக் கெடுக்கும்.